ஊரெல்லாம் கேட்ட குரல்... ஆனால் நிகழ்ச்சியின் பெயர் அவருடையது இல்லை! யார் இந்த கேசி கேசம்?

1988 ஆகஸ்ட் 6. அமெரிக்காவில் அது ஒரு சாதாரண வார இறுதி. வழக்கம்போல வானொலியில் 40-வது இடத்தில் இருந்து பாட்டுகள் எண்ணப்பட்டு வந்தன. ஸ்டீவ் வின்வுட் பாடிய 'ரோல் வித் இட்' முதலிடத்தில் இருந்தது. பாட்டு முடிந்தது. நிகழ்ச்சியும் முடிந்தது.

18 வருஷமாக அந்த நிகழ்ச்சியை நடத்திய மனிதர் இனி வரப்போவதில்லை என்பது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. இதுதான் கடைசி வாரம் என்று அவர் சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் ரேடியோவைப் போட்டவர்களுக்கு அதே பெயர், அதே 40 பாட்டு. குரல் மட்டும் வேறு.

அந்த மனிதர்தான் கேசி கேசம். நிகழ்ச்சியின் பெயர் 'அமெரிக்கன் டாப் 40'.

பெயர் தெரியாவிட்டாலும் இவர் குரலை நம்மில் பலர் கேட்டிருப்போம். 'ஸ்கூபி டூ' கார்ட்டூனில் எப்பப் பார்த்தாலும் பயந்துகொண்டும் தின்றுகொண்டும் திரிவானே, ஷேகி... ஆங்கிலத்தில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான்!

சரி, ஒரு ரேடியோ அறிவிப்பாளரின் கதையை இப்போது ஏன் படிக்க வேண்டும்? ஒரு நிகழ்ச்சிக்கு உயிராக இருப்பவர் அதன் உரிமையாளராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவாகக் காட்டும் கதை ரேடியோ உலகில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்தான். அதைவிடச் சோகமான இன்னொரு முடிவும் இந்தக் கதையில் இருக்கிறது. அது கடைசியில்.

மளிகைக் கடை வீட்டுப் பையன்

1932 ஏப்ரல் 27-ம் தேதி டெட்ராய்ட் நகரில் பிறந்தார். இயற்பெயர் கெமால் அமின் கேசம். பெற்றோர் லெபனானில் இருந்து குடியேறிய ட்ரூஸ் சமூகத்தினர். அப்பாவுக்கு மளிகை வியாபாரம். பையனுக்கோ பேஸ்பால் வீரர் ஆக வேண்டும் என்று ஆசை. அது நடக்கவில்லை. பள்ளியில் ரேடியோ கிளப்பில் சேர்ந்தவருக்கு மைக் பிடித்துப்போனது.

டெட்ராய்ட் அப்போது ரேடியோ நாடகங்களுக்குப் பேர் போன ஊர். புகழ்பெற்ற 'லோன் ரேஞ்சர்' அங்கிருந்துதான் ஒலிபரப்பானது. அதில் சின்னச் சின்ன வேடங்களில் கேசமும் பேசியிருக்கிறார். 1952-ல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு கொரியா போனார். அங்கேயும் துப்பாக்கியைவிட மைக்தான் அதிகம். ராணுவ வானொலியில் நாடகங்கள் போட்டார்.

திரும்பி வந்து டெட்ராய்ட், கிளீவ்லேண்ட், பஃபலோ என்று ஊர் ஊராக ஸ்டேஷன் மாறினார். அந்தக் காலத்து டிஸ்க் ஜாக்கிகளைப் போலவே இவரும் குரலை மாற்றி மாற்றிப் பேசுவது, காமெடி பண்ணுவது, கத்துவது என்றுதான் இருந்தார். நன்றாகவே செய்தார். ஆனால் அதையே செய்ய அமெரிக்கா முழுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள்.

குப்பைத் தொட்டியில் கிடைத்த ஐடியா

1960-களின் தொடக்கம். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கேஈடபிள்யூபி என்ற ஸ்டேஷனில் வேலை. காமெடியை விடு, வேறு ஏதாவது செய் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவரின் கண்ணில் பட்டது, ஸ்டேஷனில் இருந்த ஒரு குப்பைத் தொட்டி. அதில் யாரோ எறிந்த ஒரு பத்திரிகை. பாப் பாடகர்கள் யார் யார், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற விவரங்கள் அதில் இருந்தன.

இது அவரே பின்னாளில் பலமுறை சொன்ன கதை. கொஞ்சம் மெருகேறியும் இருக்கலாம். ஆனால் விளைவு உண்மை. அன்று முதல் பாட்டுக்கு முன்னால் அவர் ஒரு குட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பாடகர் ஒரு காலத்தில் என்ன வேலை பார்த்தார், இந்தப் பாட்டை எத்தனை கம்பெனிகள் வேண்டாம் என்றன என்கிற மாதிரி. விவரத்தை முதலில் சொல்வார், பெயரைச் சொல்ல மாட்டார். கேட்பவர் யாராக இருக்கும் என்று மண்டையைப் போட்டு உடைக்கும்போது பாட்டு ஆரம்பிக்கும்.

நம் விடுகதை உத்திதான் இது. இன்று மொபைலில் நாம் போடும் பாதித் தலைப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. (இந்தக் கட்டுரையின் தலைப்பு உட்பட!)

1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே கேஆர்எல்ஏ வானொலி, இளைஞர்களுக்கான 'ஷெபாங்' என்ற டிவி டான்ஸ் நிகழ்ச்சி, சில சினிமா வேடங்கள். 1969-ல் ஷேகி. ஆனாலும் நாடு முழுக்கத் தெரிந்த முகமோ பெயரோ இல்லை. வயது 38-ஐ நெருங்கிவிட்டது.

7 ஸ்டேஷன்களில் தொடங்கிய கவுன்ட்டவுன்

கேசமின் சிறு வயது நண்பர் டான் பஸ்டனி. அவரும் டெட்ராய்ட்காரர்தான். பில்போர்டு பத்திரிகை வாராவாரம் வெளியிடும் பாடல் பட்டியலில் இருந்து முதல் 40 பாட்டுகளை எடுத்து, நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியாகச் செய்தால் என்ன என்று இருவரும் யோசித்தார்கள். ரேடியோ உலகில் பெரிய ஆட்களாக இருந்த ரான் ஜேக்கப்ஸ், டாம் ரவுண்ட்ஸ் ஆகியோரின் வாட்டர்மார்க் நிறுவனம் கைகொடுத்தது.

1970 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தின வார இறுதியில் முதல் நிகழ்ச்சி. வாங்கிய ஸ்டேஷன்கள் எத்தனை தெரியுமா? ஏழு!

காரணம் இருந்தது. அப்போது இளைஞர்கள் எஃப்எம்மில் நீளமான ராக் ஆல்பங்களைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்துவதெல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம், இனி எடுபடாது என்பதுதான் ரேடியோக்காரர்கள் பலரின் கணிப்பு. அந்த முதல் வாரத்தில் மார்வின் கேயின் பாட்டு 40-வது இடத்தில் தொடங்கியது. த்ரீ டாக் நைட் குழுவின் பாட்டு முதலிடத்தில் முடித்தது.

இங்கே 'சிண்டிகேஷன்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நிகழ்ச்சியை ஒரே இடத்தில் தயாரிப்பார்கள். அதை நாடு முழுக்க இருக்கும் தனித்தனி ஸ்டேஷன்களுக்கு அனுப்புவார்கள். ஸ்டேஷன்கள் அதற்குப் பணம் கொடுக்கும், அல்லது விளம்பர நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். இன்று ஒரு ஃபைலை அனுப்பினால் முடிந்தது. அன்று?

எல்பி இசைத்தட்டு. ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சி முழுவதையும் இசைத்தட்டுகளில் அச்சடித்து, எந்த இடத்தில் உள்ளூர் விளம்பரம் போட வேண்டும் என்று குறித்த தாளையும் சேர்த்து, பார்சலாக அனுப்பினார்கள். உள்ளூர் ஸ்டேஷனில் ஒருவர் உட்கார்ந்து தட்டைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். பார்சல் தாமதமானால் போச்சு. அடுத்த வாரம் புது வரிசை வந்துவிடும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆறிய இட்லிக்காவது சாம்பார் ஊற்றிச் சமாளிக்கலாம், போன வார கவுன்ட்டவுனை ஒன்றும் செய்ய முடியாது.

நிகழ்ச்சி மெல்ல மெல்ல வளர்ந்தது. முதலில் மூன்று மணி நேரம். 1970-களில் பாட்டுகளின் நீளம் கூடிக்கொண்டே போனதால் 40 பாட்டும் கதைகளும் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கவில்லை. 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக்கினார்கள். உச்சத்தில் 50 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்கள்!

கால் தரையில் இருக்கட்டும், கை நட்சத்திரத்தை எட்டட்டும் என்ற பொருளில் ஒரே வாழ்த்தைச் சொல்லித்தான் வாராவாரம் முடிப்பார். அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே அது மனப்பாடம்.

கடிதங்கள்... ஒரு கோப டேப்!

1978 ஆகஸ்டில் ஒரு புதுப் பகுதி சேர்ந்தது. தூரத்தில் இருக்கும் ஒருவருக்காக ஒரு பாட்டைக் கேட்டு நேயர்கள் கடிதம் எழுதலாம். கேசம் அதைப் படித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். முதல் கடிதம் ஓர் இளைஞன் எழுதியது. அவன் விரும்பிய டெசிரே என்ற பெண் நாட்டை விட்டே போகிறாள். அவளுக்காக அவன் கேட்டது நீல் டயமண்ட் பாடிய 'டெசிரே'.

இந்தப் பகுதிதான் கேசமை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. பிரிந்துபோன காதலி, இறந்துபோன தம்பி, பேச்சுவார்த்தை இல்லாத அப்பா என்று மனிதர்கள் தங்கள் வீட்டுக் கதையை எல்லாம் இந்தக் குரலிடம் ஒப்படைத்தார்கள். மொபைல் இல்லை, மெசேஜ் இல்லை. நான்கு மணி நேரம் காத்திருந்தால் ஒருவேளை நம் கடிதம் வரலாம். வராமலும் போகலாம். இன்று கேட்டால் சில கடிதங்கள் ரொம்ப செண்டிமெண்ட்டாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவர் எதையும் கிண்டலாகப் படித்ததில்லை.

அதற்காக அவர் எப்போதும் தேனொழுகப் பேசினார் என்று நினைக்க வேண்டாம். 1985-ல் ஒலிப்பதிவின்போது நடந்தது இது. துள்ளலான பாட்டு ஒன்று முடிந்த கையோடு, ஒருவரின் வளர்ப்பு நாய் இறந்துபோன கடிதத்தைப் படிக்கும்படி வரிசை போட்டிருந்தார்கள். கேசமுக்கு வந்ததே கோபம்! குத்துப்பாட்டில் இருந்து சாவுச் செய்திக்கு எப்படி இறங்குவது என்று கெட்ட வார்த்தைகளோடு தயாரிப்புக் குழுவை விளாசிவிட்டார். அது ஒலிபரப்பாகவில்லை. ஆனால் டேப் வெளியே கசிந்து கைமாறிக் கைமாறிப் போனது. 1991-ல் நெகட்டிவ்லேண்ட் என்ற குழு அதைத் தங்கள் இசைத்தட்டில் சேர்த்து, அது வழக்கு வரை போனது தனிக்கதை.

ஊர் சிரித்தது. ஆனால் திட்டியதை ஒதுக்கிவிட்டு விஷயத்தைப் பாருங்கள். அவர் சண்டை போட்டது தன் சம்பளத்துக்காகவோ வசதிக்காகவோ இல்லை. நாயை இழந்த ஒரு மனிதரின் கடிதத்துக்குத் தகுந்த இடம் வேண்டும் என்றுதான். என் பார்வையில், அந்த டேப் அவரைக் கெட்டவராகக் காட்டவில்லை.

வேண்டாம் என்று எழுந்து வந்தவர்

கேசமுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் சைவ உணவுக்காரர், அரபு வம்சாவளி என்பதை மறைக்காதவர்.

1980-களில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூனில் பல பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார். ஒரு பகுதிக்கான வசனத்தாள் வந்தது. அதில் ஒரு கற்பனை அரபு நாடு. நாட்டின் பெயரே கார் வெடிகுண்டை வைத்துச் செய்த வார்த்தை விளையாட்டு. அரபு மக்கள் என்றாலே வில்லன்களா என்று கேட்டு, அந்தத் தொடரை விட்டே வெளியேறினார்.

1995-ல் ஷேகி பாத்திரம் ஒரு பர்கர் கம்பெனி விளம்பரத்தில் வர வேண்டியிருந்தது. மாமிசத்தை விற்க என் குரல் வராது என்று சொல்லி, கால் நூற்றாண்டாகப் பேசி வந்த ஷேகியையே விட்டார். 2002-ல் ஷேகியும் சைவம் ஆன பிறகுதான் திரும்பி வந்தார். கார்ட்டூன் பாத்திரத்தின் சாப்பாட்டையே மாற்ற வைத்த மனுஷன்!

அப்படிப்பட்டவர் தன் சொந்த நிகழ்ச்சியில் இருந்து வெளியேற வேண்டி வந்தபோது, கையில் எடுத்துக்கொண்டு போக ஒன்றுமே இல்லை.

1988: குரல் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம்

வாட்டர்மார்க் நிறுவனத்தை 1982-ல் ஏபிசி வாங்கிவிட்டது. சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய நிகழ்ச்சி ஒரு பெரிய நெட்வொர்க்கின் சொத்தானது. 1988-ல் கேசமின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். பேச்சுவார்த்தை இழுத்தது, ஒத்துவரவில்லை. ஆகஸ்ட் 6-ம் தேதி நிகழ்ச்சியோடு கேசம் வெளியே. ஆகஸ்ட் 13-ம் தேதி ஷாடோ ஸ்டீவன்ஸ் உள்ளே.

ஸ்டீவன்ஸ் சாதாரண ஆள் இல்லை. நல்ல ஆழமான குரல், அனுபவம், டிவியிலும் பழக்கமான முகம். ஆனால் நேயர்களுக்கு 'அமெரிக்கன் டாப் 40' என்றால் 40 பாட்டு மட்டும் இல்லையே. ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

இதற்கிடையே, போட்டி நிறுவனமான வெஸ்ட்வுட் ஒன் கேசமை அழைத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 1.5 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. 1989 ஜனவரியில் புது நிகழ்ச்சி. பெயர்? 'கேசி'ஸ் டாப் 40'.

பழைய பெயரைப் பயன்படுத்த முடியாது. அது ஏபிசி கையில். பில்போர்டு பட்டியலும் இல்லை. 'ரேடியோ அண்ட் ரெக்கார்ட்ஸ்' என்ற வேறொரு பத்திரிகையின் பட்டியலை வைத்து எண்ணினார். மற்ற எல்லாம் அப்படியே. அதே விடுகதை, அதே கடிதங்கள், அதே முடிவு வாழ்த்து.

ஆக, ஒரே வார இறுதியில் அமெரிக்காவில் இரண்டு கவுன்ட்டவுன். ஒன்றில் பெயர் இருந்தது, மற்றொன்றில் ஆள் இருந்தார். போதாக்குறைக்கு மூன்றாவதாக ரிக் டீஸ் வேறு. லாஸ் ஏஞ்சல்ஸின் பிரபல காலை நேர ஆர்ஜேவான அவர், 1983-லேயே தன் பெயரில் 'வீக்லி டாப் 40' தொடங்கிவிட்டார்.

கவுன்ட்டவுன் ஏன் தளர்ந்தது?

பழைய நிகழ்ச்சி சரிந்ததற்கு ஸ்டீவன்ஸை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. நிகழ்ச்சியின் அடித்தளமே ஆட ஆரம்பித்திருந்தது.

1970-களில் ஒரே பட்டியலில் சோல், கன்ட்ரி, ராக், டிஸ்கோ எல்லாம் கலந்து வரும். எல்லா ஸ்டேஷனும் அதைப் போடும். 1990 வாக்கில் நிலைமை மாறிவிட்டது. ராப் வளர்ந்தது, ஹெவி மெட்டல் வளர்ந்தது. ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றும் ஒரு வகை நேயரை மட்டும் குறிவைத்தன. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்காக மென்மையான பாட்டு போடும் ஸ்டேஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராப் போட்டால் விளம்பரதாரர் சும்மா இருப்பாரா? வாரம் முழுக்க நாங்கள் தொடாத பாட்டுகளை இந்த நான்கு மணி நேரத்தில் ஏன் போட வேண்டும் என்ற கேள்வி வந்துவிட்டது.

அடுத்தது, எண்ணும் முறை. அதுவரை கடைக்காரர்களும் ஸ்டேஷன்களும் சொல்வதை வைத்துத்தான் பட்டியல் தயாரானது. 1991 நவம்பர் இறுதியில் பில்போர்டு தன் 'ஹாட் 100' பட்டியலை மாற்றியது. கடையில் பார்கோடு ஸ்கேன் ஆகும் விற்பனை, கம்ப்யூட்டர் கண்காணிக்கும் ஒலிபரப்பு, இரண்டும் உள்ளே வந்தன. உண்மையான எண்ணிக்கை வந்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. ஹிட் பாட்டுகள் சீக்கிரம் இறங்குவதில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் குந்திக்கொள்கின்றன. போன வாரம் மூன்று, இந்த வாரமும் மூன்று, அடுத்த வாரமும் மூன்று என்றால் கவுன்ட்டவுனில் என்ன த்ரில்?

அதே சமயத்தில் 'அமெரிக்கன் டாப் 40' ஹாட் 100-ஐக் கைவிட்டு, ரேடியோவில் ஒலிப்பதை மட்டும் கணக்கிடும் பட்டியலுக்குத் தாவியது. ஸ்டேஷன்களைத் தக்கவைக்கும் முயற்சி. பலிக்கவில்லை.

1994-ல் நடந்ததுதான் பெரிய ட்விஸ்ட். கேசமை வைத்திருந்த வெஸ்ட்வுட் ஒன் நிறுவனமே பழைய நிகழ்ச்சியையும் வாங்கியது. பெயரும் ஆளும் ஒரே கூரையின் கீழ்! கேசமை அழைத்துப் பழைய நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஒரே கம்பெனிக்கு ஒரே மாதிரி இரண்டு நிகழ்ச்சி எதற்கு என்று பழையதை மூடிவிட்டார்கள். 1995 ஜனவரி 28-ம் தேதியோடு 'அமெரிக்கன் டாப் 40' நின்றது. வயது 24.

தன் முதல் குழந்தை மூடப்பட்ட நாளில் கேசம் அதே நிறுவனத்தில், அதற்குப் போட்டியாக உருவாக்கிய நிகழ்ச்சியைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

பெயர் திரும்பியது

மூன்று ஆண்டுகள் அந்தப் பெயர் அமெரிக்க ரேடியோவில் இல்லை. 1998-ல் வெஸ்ட்வுட் ஒன்னை விட்டு விலகிய கேசம், புதிய விநியோக நிறுவனத்தோடு கைகோத்து, பழைய பெயரோடு வந்தார். 1998 மார்ச் 28 அன்று, பத்தாண்டுக்குப் பிறகு, 'அமெரிக்கன் டாப் 40' என்ற பெயரும் கேசி கேசம் என்ற குரலும் மறுபடி ஒரே மைக்கில் சந்தித்தன. அவருக்கு வயது கிட்டத்தட்ட 66.

பாட்டுகளோ 16 வயதுப் பிள்ளைகளுக்கானவை. பாய் பேண்டுகளின் காலம் அது. தன் பேரப்பிள்ளைகள் வயதுடையவர்கள் கேட்கும் பாட்டுகளை அவர் அதே அக்கறையோடு அறிமுகம் செய்தார். 

2004 ஜனவரியில் இடத்தை ரயன் சீக்ரெஸ்ட்டிடம் கொடுத்தார். 'அமெரிக்கன் ஐடல்' மூலம் புகழின் உச்சியில் இருந்த 29 வயது இளைஞர். 1988 மாதிரி இல்லை, இந்த முறை எல்லோருக்கும் தெரிந்தே நடந்த கைமாற்றம். கேசம் வயதில் மூத்த நேயர்களுக்கான 20 பாட்டு, 10 பாட்டு கவுன்ட்டவுன்களைத் தொடர்ந்தார். 40, 20, 10... அவருடைய வேலையே ஒரு கவுன்ட்டவுன் மாதிரி குறைந்துகொண்டு வந்தது.

2009 ஜூலை 4 வார இறுதியில் அதையும் நிறுத்திக்கொண்டார். முதல் நிகழ்ச்சி வந்த அதே சுதந்திர தினம். கணக்காக 39 ஆண்டுகள்.

இந்தக் கதை இவரோடு முடியவில்லை. வாட்டர்மார்க் 1973-ல் தொடங்கிய 'அமெரிக்கன் கன்ட்ரி கவுன்ட்டவுன்' நிகழ்ச்சியை 1978 முதல் நடத்தி வந்தவர் பாப் கிங்ஸ்லி. அவரும் 2005-ம் ஆண்டு இறுதியில் வெளியேறி, தன் பெயரிலேயே 'கன்ட்ரி டாப் 40' தொடங்கினார். பழைய பெயர் கிக்ஸ் ப்ரூக்ஸ் கைக்குப் போனது. அப்படியே 1988-ன் கார்பன் காப்பி!

குரல் போன பிறகு...

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி.

கேசமுக்குப் பார்க்கின்சன் இருப்பதாக முதலில் சொல்லப்பட்டது. பிறகு லூயி பாடி டிமென்ஷியா என்று தெரியவந்தது. நினைவையும் உடல் அசைவையும் சேர்த்துப் பறிக்கும் நோய் அது. வாழ்நாள் முழுக்கப் பேச்சையே தொழிலாக வைத்திருந்தவரால் கடைசியில் பேச முடியவில்லை.

குடும்பத்தில் பிளவு. 1980-ல் அவர் இரண்டாவதாகத் திருமணம் செய்துகொண்ட மனைவி ஒரு பக்கம், முதல் திருமணத்தின் மூன்று பிள்ளைகள் மறு பக்கம். அப்பாவைப் பார்க்கவே முடியவில்லை என்று பிள்ளைகள் 2013 அக்டோபரில் அவர் வீட்டு வாசலில் பதாகையோடு நின்றார்கள். தகராறு கோர்ட்டுக்குப் போனது. 2014 மே மாதம் அவர் எங்கே இருக்கிறார் என்பதே கேள்வியானது. நீதிபதி விசாரிக்கச் சொன்னார். கலிபோர்னியாவில் வாழ்ந்தவர் வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பது தெரியவந்தது. யார் செய்தது சரி என்ற தீர்ப்புக்குள் நாம் போக வேண்டாம். இரு தரப்பும் தங்கள் பக்கம்தான் அவருடைய நன்மை என்றார்கள். நடுவில் படுத்திருந்தவருக்குச் சொல்ல வாய் இல்லை.

2014 ஜூன் 15. அமெரிக்காவில் அன்று தந்தையர் தினம். வாஷிங்டன் மாநிலத்தின் கிக் ஹார்பர் ஊர் மருத்துவமனையில் 82 வயதில் இறந்தார்.

அதோடும் முடியவில்லை. எங்கே அடக்கம் செய்வது என்பதிலும் சண்டை. பிள்ளைகள் கலிபோர்னியா என்றார்கள். உடல் கனடா வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. இறந்து ஆறு மாதம் கழித்து, 2014 டிசம்பரில், நார்வே தலைநகர் ஓஸ்லோவில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. டெட்ராய்ட்டில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்து, அமெரிக்காவை வாராவாரம் எண்ணிக் காட்டியவர் கிடப்பது நார்வே மண்ணில்.

அவருடைய மகள் கெர்ரி சும்மா இருக்கவில்லை. முதிய, நோயுற்ற பெற்றோரைப் பார்க்க வளர்ந்த பிள்ளைகளுக்கு வழி வேண்டும் என்று மாநிலம் மாநிலமாகப் பிரசாரம் செய்தார். அதற்கான சட்டங்கள் கலிபோர்னியா உட்பட பல மாநிலங்களில் வந்துள்ளன.

இப்போது அந்த நிகழ்ச்சி?

'அமெரிக்கன் டாப் 40' சீக்ரெஸ்ட் குரலில் தொடர்ந்தது. 1970-ல் இது எடுபடாது என்று சொன்ன கணிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

இன்னொரு பக்கம், கேசமின் பழைய நிகழ்ச்சிகளையும் தூசு தட்டி எடுத்துவிட்டார்கள். 70-கள், 80-கள் என்று இரண்டு வரிசையாக, அந்தந்த வாரத்துக்கு ஏற்ற பழைய நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து அமெரிக்க ஸ்டேஷன்கள் வார இறுதியில் ஒலிபரப்புகின்றன. ஜூலை வந்தால் ஒரு பழைய ஜூலை, டிசம்பர் வந்தால் ஒரு பழைய டிசம்பர். அதில் விற்பனைக்கு வராத பாட்டு இல்லை, தெரியாத முடிவும் இல்லை. முதலிடம் எந்தப் பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கடைசி வரை கேட்கிறார்கள்.

டெசிரேவுக்கு அனுப்பிய அந்தக் கடிதமும் அந்த டேப்புகளில் இருக்கிறது.